தோட்டத்தில் தானாக முளைத்தது காட்டு லூபினா? இலை முதல் நெற்று வரை பார்த்து அடையாளம் காணும் முழு வழிகாட்டி

நட்ட நினைவே இல்லை, ஆனால் வேலியோரத்தில் ஒரு செடி நிற்கிறது. விரித்த கை போல இலை. நடுவில் நேராக நிமிர்ந்த தண்டு, அதில் அடுக்கடுக்காக நீலப் பூ. படம் எடுத்துச் செடி வளர்ப்பவர் யாரிடமாவது காட்டினால் "லூபின்தான்" என்று உடனே சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சிக்கல் அடுத்த கேள்வியில்தான். எந்த லூபின்? அந்த மண்ணுக்கே உரிய காட்டுச் செடியா, பக்கத்துத் தோட்டத்திலிருந்து தப்பி வந்த கலப்பினமா, வேறு கண்டத்திலிருந்து வந்து புல்வெளியைப் பிடித்துக்கொள்ளும் செடியா?

முதல் வகையைப் பிடுங்கினால் பாவம், மூன்றாவதை விட்டுவைத்தால் வம்பு. பூவை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் இந்த வழிகாட்டியில் பூவைவிட இலைக்குத்தான் அதிக இடம்.

அவசரப்பட வேண்டாம்

லூபினஸ் என்ற பேரினத்தில் 200க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை வட, தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. மத்தியதரைக் கடலைச் சுற்றியும் வட ஆப்பிரிக்காவிலும் ஒரு டஜன் இனங்கள் இருக்கின்றன. எல்லாமே அவரைக் குடும்பம். இவை ஒன்றோடொன்று எளிதில் கலந்துவிடும் என்பதால் தாவரவியலாளர்களே சில இடங்களில் தலையைச் சொறிகிறார்கள். அப்படியிருக்க, ஒரே நாளில் ஒரே படத்தை வைத்து இனப்பெயர் வரை போய்விட முடியாது.

ஒரு பருவம் முழுக்கப் பாருங்கள். வடக்கு நாடுகளில் வசந்தம் தொடங்கும்போது இலை வரும், மே, ஜூனில் பூ, ஜூலையில் நெற்று. பூமியின் தென்பாதியில் பூக்காலம் நவம்பர், டிசம்பருக்குப் போய்விடும். கையில் ஓர் அளவுகோல், பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ், வெள்ளைத் தாள், இரண்டு காகித உறைகள் போதும். கைபேசி எப்படியும் இருக்கும். தாவரம் அடையாளம் காட்டும் செயலி "லூபின்" என்று சொன்னால் நம்பலாம். இனப்பெயரையும் சேர்த்துச் சொன்னால் அதை ஒரு யூகமாக மட்டும் எடுத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இலை: பாதி வேலை இங்கேயே முடியும்

லூபின் இலை கைவடிவக் கூட்டிலை. நீண்ட காம்பின் நுனியில், ஒரே புள்ளியிலிருந்து, பல சிற்றிலைகள் சக்கரத்தின் ஆரங்கள் போலச் சுற்றிலும் பிரியும். நொச்சி இலையைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. ஆனால் நொச்சியில் மூன்றோ ஐந்தோ சிற்றிலை. லூபினில் ஐந்தில் தொடங்கி, சில இனங்களில் பதினேழு வரை போகும்.

சரிபார்க்க வேண்டியவை மூன்று. சிற்றிலைகள் அடிவரை தனித்தனியாக இருக்க வேண்டும். மரவள்ளி இலை போல ஒரே இலை ஆழமாகப் பிளவுபட்டு நின்றால் அது லூபின் அல்ல. அடுத்து விளிம்பு. லூபின் சிற்றிலையின் விளிம்பில் ரம்பப் பல் கிடையாது, மழமழவென்று இருக்கும். கடைசியாக, தண்டில் இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி வர வேண்டும். எதிரெதிரே சோடியாக வந்தால் வேறு செடி.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது மழைக்குப் பிறகு செய்யும் சோதனை. விடிந்ததும் போய்ப் பாருங்கள். எல்லாச் சிற்றிலைகளும் கூடும் அந்த நடுப்புள்ளியில் ஒரே ஒரு நீர்த்துளி, உருண்டையாக, பாதரசம் போல உட்கார்ந்திருக்கும். இலையின் மேல் உள்ள நுண்முடிகளும் மெழுகுப் பூச்சும் தண்ணீரைப் பரவ விடாமல் நடுவுக்கு உருட்டிவிடுகின்றன. மழை இல்லாவிட்டால் பூவாளியால் லேசாகத் தெளித்தும் பார்க்கலாம். இது ஒன்றே போதுமான சான்று என்று சொல்ல மாட்டேன், வேறு சில செடிகளிலும் துளி நிற்கும். ஆனால் கைவடிவ இலை, பல்லில்லாத விளிம்பு, நடுவில் துளி மூன்றும் சேர்ந்தால் நீங்கள் பார்ப்பது லூபினாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

இந்த இலைகள் வெயிலைத் தொடர்ந்து திரும்புவதையும் கவனிக்கலாம். காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்தால் சாய்வு மாறியிருப்பது தெரியும்.

இப்போது எண்ணுங்கள். ஒரு செடியில் பத்து இலைகளையாவது எண்ண வேண்டும், அதிலும் அடியில் உள்ள பெரிய இலைகளைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் முறை நான் குனியச் சோம்பல்பட்டு, மேலே கைக்கு எட்டிய மூன்று இலைகளை மட்டும் எண்ணினேன். ஏழு, எட்டு, ஏழு. சிறிய காட்டு லூபின் என்று குறித்து வைத்துச் சந்தோஷப்பட்டேன். ஒரு வாரம் கழித்துக் களையெடுக்க உட்கார்ந்தபோதுதான் அடியிலை கண்ணில் பட்டது. பதின்மூன்று சிற்றிலை! தண்டில் மேலே போகப்போக எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். மேலிலை எண்ணிக்கை எதையும் நிரூபிக்காது.

எண்ணியதோடு சிற்றிலையின் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். இலையைத் திருப்பி லென்ஸில் முடியைப் பாருங்கள். மேல்பக்கம் முடியே இல்லாமல் அடிப்பக்கம் மட்டும் முடி இருக்கிறதா, இருபக்கமும் வெல்வெட் போல இருக்கிறதா என்பது பின்னால் இனத்தைப் பிரிக்க உதவும்.

இளங்கன்றாக இருந்தால்

பூக்காத கன்றைப் பார்த்துக் குழம்புகிறவர்கள்தான் அதிகம். லூபின் விதை முளைக்கும்போது இரண்டு தடித்த, சதைப்பற்றான வித்திலைகள் மண்ணுக்கு மேலே வரும். அவற்றுக்கு நடுவிலிருந்து மூடிய குடை போல முதல் உண்மையான இலை எழுந்து விரியும். முதல் இலையிலேயே கைவடிவம் வந்துவிடும், சிற்றிலை எண்ணிக்கைதான் குறைவு. பல்லாண்டு இனங்கள் முதல் ஆண்டில் பெரும்பாலும் பூக்காது, தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாகவே நிற்கும். பூக்கவில்லை என்பதற்காகக் களை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

லூபின் மாதிரி தோற்றம், ஆனால் லூபின் இல்லை

தோட்டத்தில் அதிகம் ஏமாற்றுவது டெல்பினியம். உயரமான நீலப் பூத்தண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் லூபினேதான். கிட்டப் போனால் பூவின் பின்னால் வால் போல ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். இலையும் கூட்டிலை அல்ல, பிளவுபட்ட தனி இலை. இதன் உறவுச் செடி அகோனிட்டம். பூ தலையில் முக்காடு போட்டது போல இருக்கும். இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் வேர் முதல் பூ வரை கடும் நஞ்சு. சந்தேகம் இருந்தால் கையுறை போடாமல் தொட வேண்டாம்.

பாப்டீசியா என்ற செடி லூபினுக்கு உறவுதான், அதே அவரைக் குடும்பம், பூவும் அதே சாயல். பூவைப் பார்த்துப் பிரிக்க முயன்றால் தடுமாறுவீர்கள், இலையைப் பார்த்தால் ஒரு நொடி வேலை. பாப்டீசியாவுக்குப் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள்தான். காயும் ஊதிய பலூன் போல உப்பி, முற்றியதும் கறுத்துவிடும். மஞ்சள் பூ பூக்கும் தெர்மாப்சிஸுக்கும் மூன்றே சிற்றிலை.

நொச்சிக்கு நெருங்கிய உறவான வைடெக்ஸ் புதர்களும் ஊதா நிறக் கதிர்களோடு நிற்கும், இலையும் கைவடிவம். ஆனால் இலைகள் எதிரெதிரே வரும், கசக்கினால் மணம் வீசும், அடி கட்டையாக இருக்கும். கிளியோமியின் இலையும் கை போல விரியும். தண்டு பிசுபிசுவென்று ஒட்டும், பூவில் நான்கே இதழ்கள், பூனை மீசை போல நீண்ட மகரந்தத் தாள்கள். பொட்டென்டில்லாவின் ஐந்திலையில் ரம்பப் பல் தெளிவாகத் தெரியும். சால்வியாவின் தண்டைத் தொட்டாலே போதும், சதுரமாக இருக்கும்.

பூவைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு பூவைக் கிள்ளி வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். அவரைப் பூவையோ சங்குப்பூவையோ பிரித்துப் பார்த்த பழக்கம் இருந்தால் இது விளையாட்டு மாதிரி. மேலே நிமிர்ந்து நிற்பது கொடியிதழ். இரண்டு பக்கமும் சிறகிதழ்கள், அவை முன்புறம் ஒட்டிக்கொண்டு ஒரு சிறு பை போல இருக்கும். அந்தப் பைக்குள் ஒளிந்திருப்பது படகிதழ், நுனியில் கூரான மூக்கு.

இப்போது பூவை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கை விரலால் சிறகிதழ்களை மெதுவாகக் கீழே அழுத்துங்கள். படகிதழின் மூக்கு நுனியிலிருந்து ஆரஞ்சு நிற மகரந்தம் பற்பசை பிதுங்குவது போல ஒரு கோடாக வெளியே வரும். விரலை எடுத்தால் நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடி கொஞ்சம். குண்டு வண்டுத்தேனீ வந்து உட்காரும்போது அதன் கனம் செய்கிற வேலையைத்தான் உங்கள் விரல் செய்கிறது. லூபின் பூவில் தேன் கிடையாது, வருகிற தேனீக்குக் கிடைப்பது இந்த மகரந்தம் மட்டுமே. அதனால்தான் இப்படி அளந்து அளந்து கொடுக்கும் ஏற்பாடு.

படகிதழை நகத்தால் கிழித்தால் உள்ளே பத்து மகரந்தத் தாள்கள். அவரைக் குடும்பத்தின் பல செடிகளில் ஒன்பது தாள்கள் ஒட்டி, ஒன்று மட்டும் தனியாக நிற்கும். லூபினில் பத்தும் அடியில் ஒட்டி ஒரே குழாயாக இருக்கும். லென்ஸில் பார்த்தால் மகரந்தப் பைகள் இரண்டு விதம் என்பதும் தெரியும், ஐந்து நீளமானவை, ஐந்து உருண்டையானவை. கைவடிவ இலையோடு இதுவும் சேர்ந்துவிட்டால் லூபின் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

பூக்கள் தண்டின் அடியிலிருந்து மேல்நோக்கி மலரும். அடியில் பிஞ்சு பிடித்திருக்கும்போது நுனியில் இன்னும் மொட்டு இருக்கும். டெக்சாஸ் லூபின் போன்ற சிலவற்றில் கொடியிதழின் நடுவில் உள்ள வெள்ளைப் பொட்டு, பூ வயதாகும்போது சிவப்பு ஊதாவாக மாறிவிடும். தேனீக்கள் வெள்ளைப் பொட்டுள்ள புதுப் பூக்களைத்தான் நாடுகின்றன. ஒரே தண்டில் இரண்டு நிறப் பொட்டுகளைக் கண்டால் கலப்பினம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நெற்று

காய் தட்டையாக, முடி நிறைந்து, இளம் அவரைப் பிஞ்சு போலத் தோன்றும். முற்றினால் கறுப்பாகும் அல்லது பழுப்பாகும். நல்ல வெயில் நாளில் நெற்றின் இரண்டு ஓடுகளும் எதிரெதிர்த் திசையில் முறுக்கிக்கொண்டு பட்டென்று வெடித்து, விதைகளைச் சில மீட்டர் தூரம் எறியும். இதைப் பார்க்க ஆசையிருந்தால் முற்றிய நான்கு நெற்றுகளைக் காகித உறையில் போட்டு வாயை மடித்து, வெயில் படும் சன்னலோரம் வையுங்கள். மத்தியானம் உறைக்குள் யாரோ சுண்டிவிடுவது போலச் சத்தம் கேட்கும். பிறகு திறந்தால் முறுக்கிய ஓடுகளும் சிதறிய விதைகளும் கிடைக்கும். அடையாளம் காண அந்த முறுக்கிய ஓடும் ஒரு சான்றுதான், எறிந்துவிடாமல் தேதி எழுதி எடுத்து வையுங்கள்.

வேர்

ஒரே ஒரு செடிதான் இருக்கிறது என்றால் இந்தப் படியை விட்டுவிடுங்கள். லூபினுக்கு ஆழமான ஆணிவேர், தோண்டினால் மறுபடி பிழைப்பது கடினம். நிறைய கன்றுகள் இருந்தால் ஒன்றைத் தோண்டிக் கழுவிப் பாருங்கள். வேரை மோதிரம் போலச் சுற்றிக்கொண்டு முடிச்சுகள் இருக்கும். ஒன்றைக் கத்தியால் வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்தின் சிவப்புக்கு உறவான ஒரு புரதம் அங்கே இருக்கிறது, முடிச்சுக்குள் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

லூபினஸ் என்ற பெயர் ஓநாயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மண்ணின் சத்தை ஓநாய் போலத் தின்றுவிடும் என்று யாரோ நினைத்ததால் வந்த பெயர் என்று சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. சத்தில்லாத மணலில் இது வளர்வதைப் பார்த்து, இதனால்தான் மண் கெட்டது என்று பழியைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

இனி இனம்: பெரென்னிஸா, பாலிஃபில்லஸா?

"காட்டு லூபின்" என்று வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சொன்னால் அது லூபினஸ் பெரென்னிஸ். சிறிய செடி, 20 முதல் 60 சென்டிமீட்டர். சிற்றிலைகள் 7 முதல் 11, ஒவ்வொன்றும் 2 முதல் 5 சென்டிமீட்டர். நுனி மழுங்கி, அதன் மேல் குண்டூசி முனை போலச் சின்னக் கூர் இருக்கும். பூத்தண்டில் பூக்கள் நெருக்கமில்லாமல், இடைவெளி விட்டு நிற்கும். நிறம் நீலம் கலந்த ஊதா, அபூர்வமாக இளஞ்சிவப்போ வெள்ளையோ. பிடித்த இடம் வெயில் படும் மணல், ஓக் மரங்கள் அங்கங்கே நிற்கும் திறந்தவெளி, பைன் காடுகளின் ஓரம். விதை முற்றியபின், கோடையின் நடுவிலேயே இலை மஞ்சளாகி அடங்கிவிடும். செத்துப்போனது என்று நினைத்து அந்த இடத்தைக் கொத்திவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

லூபினஸ் பாலிஃபில்லஸ் வட அமெரிக்காவின் மேற்குப் பக்கத்துச் செடி. பெயருக்கே "பல இலை" என்றுதான் பொருள். ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் வரை போகும். தண்டு தடித்து உள்ளே கூடாக இருக்கும். சிற்றிலைகள் 9 முதல் 17, நீளம் 15 சென்டிமீட்டர் வரை வரலாம், மேல்பக்கத்தில் முடி அநேகமாக இருக்காது. பூத்தண்டு நீண்டு, பூக்கள் வட்டம் வட்டமாக நெருக்கியடித்து நிற்கும். ஈரமான மண், சாலையோரப் பள்ளம், ஓடைக்கரை இதற்குப் பிடித்த இடங்கள்.

இரண்டையும் பிரிக்க ஒரே வரியில் ஒரு வழி வேண்டுமா? முழங்கால் உயரம், சிற்றிலை விரல் நீளத்துக்கும் குறைவு, எண்ணிக்கை பதினொன்றைத் தாண்டவில்லை என்றால் பெரென்னிஸ் பக்கம் சாயுங்கள். இடுப்பு உயரம், அடியிலை உள்ளங்கையைவிட அகலம், எண்ணிக்கை பதின்மூன்று பதினைந்து என்றால் பாலிஃபில்லஸ் அல்லது அதன் வழி வந்தது. நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் சேராத செடிகளும் வரும், ஏனென்றால் இவை இரண்டும் கலப்பதுண்டு. அப்போது கலப்பு என்று எழுதி வைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மற்ற இனங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அடி கட்டையாகி, புதராக இரண்டு மீட்டர் வரை வளர்ந்து, மணமுள்ள மஞ்சள் பூ பூத்தால் கலிபோர்னியக் கடற்கரையைச் சேர்ந்த லூபினஸ் ஆர்போரியஸ். சிற்றிலை பெரும்பாலும் ஐந்து, ஓராண்டுச் செடி, பூத்தண்டின் நுனி மட்டும் வெள்ளைத் தொப்பி போட்டது போல இருந்தால் டெக்சாஸ் மாநிலத்தின் லூபினஸ் டெக்சென்சிஸ். சிற்றிலைகள் புல் போல ஒடுங்கி, பூ நீலமாக இருந்தால் மத்தியதரைப் பகுதியின் லூபினஸ் அங்குஸ்டிஃபோலியஸ். ஐஸ்லாந்தின் மலைச்சரிவுகளை நீலமாக்கியிருப்பது லூபினஸ் நூட்கடென்சிஸ். மண் அரிப்பைத் தடுக்க 1945இல் அலாஸ்காவிலிருந்து கொண்டுபோன விதை, இன்று கட்டுக்கு அடங்காமல் பரவி நிற்கிறது.

காட்டுச் செடியா, தோட்டத்திலிருந்து தப்பியதா?

இங்கே செடியைவிட அதன் சுற்றுப்புறம்தான் அதிகம் பேசும். இளஞ்சிவப்பு, சிவப்பு, மஞ்சள், இரட்டை நிறம் என்று பூத்தால் அது அநேகமாக ரஸ்ஸல் கலப்பினத்தின் வாரிசு. இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜார்ஜ் ரஸ்ஸல் என்ற தோட்டக்காரர் பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கி, 1937இல் காட்சிக்கு வைத்த வகை அது. தோட்டங்களில் இன்று காணும் பெரிய லூபின்களில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவையே.

ஆனால் நீலம் என்றால் காட்டுச் செடி என்று திருப்பிச் சொல்ல முடியாது. கலப்பினத்தின் விதையிலிருந்து தானாக முளைக்கும் கன்றுகள் தலைமுறை போகப்போக நீலம், ஊதா நிறத்துக்கே திரும்பும் போக்கு உண்டு. ஐந்து வருடம் முன்பு பக்கத்து வீட்டில் சிவப்பும் மஞ்சளுமாக நின்ற செடியின் பேரப்பிள்ளை இன்று உங்கள் வேலியோரத்தில் நீலமாக நிற்கலாம். அதனால் நிறத்தை விட்டுவிட்டு வேறு கேள்விகளைக் கேளுங்கள். சுற்றுவட்டாரத்தில் யாராவது லூபின் வளர்த்தார்களா? காட்டுப்பூ விதைக் கலவை எப்போதாவது தூவினீர்களா? "காட்டு லூபின்" என்று எழுதிய பொட்டலத்துக்குள் பாலிஃபில்லஸ் இருப்பது சகஜம். லாரியில் மண் கொண்டுவந்து கொட்டினீர்களா? அந்த மண்ணோடு விதை வந்திருக்கலாம், அதன் தோல் கடினம், மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

நீங்கள் இருக்கும் பகுதியில் எந்த லூபின் இயற்கையாக வளர்கிறது என்ற பட்டியலையும் பாருங்கள். பக்கத்தில் உள்ள தாவரவியல் பூங்காவிலோ பல்கலைக்கழக உலர்தாவர நிலையத்திலோ கேட்டால் சொல்வார்கள். உதாரணமாக, பின்லாந்திலோ நியூசிலாந்திலோ சாலையோரத்தில் நீலமாக நிற்கும் உயரமான லூபின் எவ்வளவு "காட்டுத்தனமாக"த் தோன்றினாலும் அந்த மண்ணுக்கு அது அந்நியச் செடிதான்.

இன்னொரு சான்று பூச்சிகள். தண்டில் சாம்பல் பச்சையாக, மாவு பூசியது போல, சாதாரண அசுவினியைவிடப் பெரிய அசுவினிக் கூட்டம் இருந்தால் அது லூபின் அசுவினியாக இருக்கலாம். அமெரிக்காவிலிருந்து வந்து 1981இல் பிரிட்டனில் முதலில் தென்பட்ட பூச்சி. செடி லூபின் என்பதற்கு அது சாட்சி சொல்லும், எந்த லூபின் என்பதற்குச் சொல்லாது.

அமெரிக்காவின் வடகிழக்கிலோ பெரிய ஏரிகளைச் சுற்றியுள்ள மணற்பகுதியிலோ இருப்பவர்கள் இலையில் சின்னச் சின்னச் சன்னல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். புழு இலையின் ஒரு பக்கத் தோலை மட்டும் விட்டுவிட்டு நடுச்சதையைச் சுரண்டித் தின்றால் கண்ணாடிக் காகிதம் ஒட்டியது போல ஒளி ஊடுருவும் திட்டுகள் மிஞ்சும். கார்னர் புளூ என்ற சிறு நீல வண்ணத்துப்பூச்சியின் புழு அப்படித்தான் தின்னும். அதற்கு உணவு லூபினஸ் பெரென்னிஸ் மட்டும்தான், வேறெதையும் தொடாது. அந்தச் செடி குறைந்ததால் பூச்சியும் குறைந்து, 1992இல் அமெரிக்க அரசின் அழிந்துவரும் உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் புழுவைப் பெரும்பாலும் எறும்புகள் மொய்த்துக் காவல் காக்கும். சன்னல், பச்சைப் புழு, பக்கத்தில் எறும்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எதையும் தொடாமல், மருந்து அடிக்காமல், உள்ளூர் வனவிலங்குத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

படம் எடுப்பது எப்படி

யாரிடமாவது கேட்டு உறுதிப்படுத்த வேண்டுமென்றால் அழகான பூப்படம் ஒன்று போதாது. முழுச் செடி, பக்கத்தில் அளவுகோல். மிகக் கீழே உள்ள பெரிய இலை, மேலிருந்து. அதே இலையின் அடிப்பக்கம். தண்டின் முடி தெரியும்படி நெருங்கிய படம். பக்கவாட்டில் பூ. நெற்று. அப்புறம், செடி நிற்கும் இடம் தெரியும்படி நாலடி பின்னால் வந்து ஒன்று. மண் மணலா களியா, வெயில் எவ்வளவு என்று இரண்டு வரி எழுதிச் சேர்த்தால் பார்க்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

தெரிந்த பிறகு

எந்த லூபினாக இருந்தாலும் வாயில் வைக்க வேண்டாம். காட்டு லூபின்களில் லூபனைன், ஸ்பார்டீன் போன்ற கசப்பான ஆல்கலாய்டுகள் உண்டு, விதையிலும் நெற்றிலும் அதிகம். கடைகளில் உண்ணும் லூபின் பருப்பு கிடைக்கிறதே என்று கேட்கலாம். அது கசப்பு நீக்கி வளர்த்த இனம், அல்லது பல நாள் ஊறவைத்துத் தண்ணீர் மாற்றிப் பதப்படுத்தியது. அவரைப் பிஞ்சு போல இருப்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு லூபின் பருப்பும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆடு மாடு இருக்கும் இடமென்றால் இன்னும் கவனம். சில இனங்களைச் சினைப் பசு குறிப்பிட்ட மாதங்களில் தின்றால் கன்று வளைந்த காலோடு பிறக்கும்.

மண்ணுக்குரிய இனம் என்று உறுதியானால் செய்ய வேண்டியது மிகக் குறைவு. உரம் போடாதீர்கள், வேறிடத்துக்குத் தோண்டி மாற்றாதீர்கள், நெற்று வெடிக்கும்வரை அந்தப் பக்கம் புல் வெட்டாதீர்கள். பக்கத்தில் ரஸ்ஸல் கலப்பினம் இருந்தால் இரண்டில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். நானாக இருந்தால் கலப்பினத்தின் பூத்தண்டுகளை வெட்டி ஜாடியில் வைத்துக்கொள்வேன்.

அந்நியச் செடி என்றால், பூ வாடத் தொடங்கியதும் நெற்று பச்சையாக இருக்கும்போதே தண்டை வெட்டுங்கள். பழுப்பாகும்வரை காத்திருந்தால் நீங்கள் தொட்டதுமே வெடித்துச் சிதறும். பச்சை நெற்றையும் உரக்குழியில் போட வேண்டாம், வெட்டிய பிறகும் அது முற்றக்கூடும். பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். கன்றாக இருக்கும்போது ஈர மண்ணில் ஆணிவேரோடு இழுத்தால் வந்துவிடும். பழைய தூரை வேரின் கழுத்துப் பகுதி முழுவதும் வரும்படி மண்வெட்டியால் தோண்ட வேண்டும். செடி போனாலும் விதை மண்ணில் இருக்கும். அடுத்த வசந்தத்திலும் அதற்கடுத்த வசந்தத்திலும் அதே வேலியோரத்தில் அந்த மூடிய குடைகள் எழுகின்றனவா என்று போய்ப் பாருங்கள்.